ராவாங் வரை போன வாசகர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரு. குலசேகரன் வந்திருக்க வேண்டும். பதினொன்று ஆகியும் அவரைக் காணவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் காத்திருந்த நாங்கள் நால்வரும் கவலைப்படவில்லை. மாறாக, மகிழ்ந்தோம்.

இதை விளக்கியாக வேண்டும். விண்வெளிக் கதைகளையும் விநோதமான நாவல்களையும் படித்துவிட்டு ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொள்ளும் சிறு கூட்டம் எங்களுடையது. குலசேகரன் அவர்கள் கிள்ளானிலிருந்து கம்யூட்டர் எனும் புறநகர் ரயிலில் வருவார். வழியெல்லாம் படிப்பார். புத்தகம் சுமாரென்றால் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரல் நிலையத்தில் ஒழுங்காக இறங்கிவிடுவார். நன்றாக இருந்தால் இறங்க மறந்து கெப்போங் வரை போய்த் திரும்புவார். மிக நன்றாக இருந்தால் அதையும் தாண்டி ராவாங். எனவே அவருடைய தாமதமே எங்களுக்கு மதிப்புரை.

"கன்ஃபர்ம் ராவாங்லா, ஆன்டி," என்றார் ஜெயா. செராஸில் பல் மருத்துவர், எங்களில் இளையவர். "புத்தகத்த நான்தான் முதல்ல எடுத்துக்குவேன்."

"வரிசைப்படி என் முறை," என்றேன்.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க!"

இந்த வழக்கு முடிவதற்குள் ஜெயாவின் கைப்பேசி ஒலித்தது. பேசியவர் குலசேகரனின் மகள் வசந்தி. அப்பா ரயிலில் ஏறவே இல்லையாம். கிள்ளான் நிலையத்து இருக்கையில், மடியில் புத்தகம் திறந்திருக்க, தலை குனிந்து அமர்ந்திருந்திருக்கிறார். படிக்கிறார் என்றே எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். ரயில் வந்து நின்று போன பிறகும் அசையாததைக் கண்டுதான் பக்கத்தில் இருந்த ஒருவர் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

மேசையில் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக், ஆறிக்கொண்டிருந்தது. அவருக்கென்று ஒரு கோப்பையை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம்.

நான் அவரை முதலில் சந்தித்தது இதே பிரிக்ஃபீல்ட்ஸில், பழைய புத்தகக் கடை ஒன்றில். விலங்கியல் படித்து, அதையே கற்பித்து ஓய்வு பெற்ற நான், பொழுதுபோக்காக ஒரு நிலவுப் பயண நாவலைக் கையில் எடுத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, அது வேணாம். அவ்வளவு செலவு பண்ணி சந்திரனுக்குப் போறான், அங்கயும் ஆபீஸ் அரசியல்தான் பண்றான்."

முன்பின் அறியாத ஒருவர் என் வாசிப்பில் தலையிடுவதை நான் விரும்புவதில்லை. "நீங்க கடைக்காரரா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பாதிக்கப்பட்டவன்."

அவர் எடுத்துக் கொடுத்த நாவலில் ஓர் ஊரில் இறந்தவர்களுக்கும் வாக்குரிமை இருந்தது. அடுத்த வாரம் அதே கடையில் பார்த்தபோது, மோசமில்லை என்றேன்.

"அது காப்பிக்குச் சொல்ற தீர்ப்பு. படிச்சப்ப உங்களுக்கு என்ன ஆச்சு? அதச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப புத்தகம் தோத்துப்போச்சு," என்று சொல்லி, வருத்தத்தோடு வேறொன்றைத் தேடத் தொடங்கினார்.

எங்கள் கூட்டம் பிறந்தது அப்படித்தான். அதன் விதியும் அவர் வகுத்ததே. கதையைச் சொல்லக்கூடாது, முடிவை எக்காரணம் கொண்டும் சொல்லக்கூடாது. அருமை, பிரமாதம் போன்ற சொற்களுக்கு அனுமதியில்லை. படித்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்லலாம். சோறு அடிப்பிடித்ததா? கண்ணாடியைப் பார்க்கத் தயக்கமாக இருந்ததா? ஒருவர் அம்பாங்கில் தம் சொந்த வீட்டைத் தாண்டி நடந்து போனதாகச் சொன்னார். குலசேகரன் அவர்கள் அதை நீதிபதியைப் போலத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

நீதிமன்றம் அவருக்குப் பழகிய இடம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். இவ்வளவு நாகரிகமான மனிதர் வேற்றுக்கிரகவாசிகளோடு ஏன் பொழுதைக் கழிக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

"நடந்தது என்ன, நடந்தது என்னன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சுக்கா. இப்ப நடக்காதத படிக்கிறேன்." தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "அங்க அடுத்தவங்க பேச்ச ஒரு சொல்லு கூட்டாம குறைக்காம பேசுனேன். கதைச் சுருக்கம் சொல்றதும் அதே வேலைதானே? புத்தகத்தப் பத்தியாவது நம்ம பேச்ச நாம பேசுவோம்."

நான் அறிந்த பேராசிரியர்கள் எவரும் இலக்கிய விமர்சனத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

குறைகளும் இருந்தன. இறந்துவிட்டார் என்பதற்காக அவற்றை மறைக்கப் போவதில்லை. பக்கத்தின் மூலையை மடிப்பார், அது காட்டுமிராண்டித்தனம். காதல் வந்தால் இருபது பக்கம் தள்ளிவிடுவார். அறிவியலைத் துளியும் மதிக்கமாட்டார். வீட்டளவு பெரிய வண்டு வரும் ஒரு நாவலை அவர் தந்தபோது, பூச்சிக்கு நுரையீரல் இல்லை, அந்த உருவத்தில் அதனால் மூச்சே விட முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"படிச்சப்ப உங்களுக்கு மூச்சு முட்டுச்சா?"

"கொஞ்சம்."

"அப்ப வண்டு உயிரோடதான் இருக்கு."

ஆனால் யாருக்கு எந்தப் புத்தகம் என்று அறிவதில் அவருக்கு இணையில்லை. ஜெயாவின் கணவர் காலமான மாதத்தில், பார்க்கச் சென்றவர்கள் ஆறுதல் நூல்களையும் பக்தி நூல்களையும் கொடுத்தார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கிப் போனேன். குலசேகரன் அவர்கள் கொடுத்தது, நிழல்கள் ஒரு நாள் தாமதமாக வந்து சேரும் கிரகத்தைப் பற்றிய நாவல். இது பொருத்தமா என்று வாசலிலேயே அவரைக் கடிந்துகொண்டேன். சில வாரங்கள் கழித்து மாடிக்கு வந்த ஜெயா, விதிப்படி தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்:

"முடிச்சிட்டு நிமிர்ந்தேன், அங்கிள். பசிச்சது. அன்னிக்கித்தான் ஒழுங்கா சாப்பிட்டேன்."

அவர் தம் இலையிலிருந்த வடையை எடுத்து ஜெயாவின் இலையில் வைத்தார். நான் கொடுத்த நூலின் பெயரை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

என்னிடம் மட்டும் அவருக்கு ஒரு தீராத குறை இருந்தது. எந்தப் புத்தகமும் எனக்கு எதையும் செய்ததாக நான் ஒப்புக்கொண்டதில்லை. அவருடைய ராவாங் கதைகளையும் நம்பவில்லை. தூங்கிவிட்டுப் புத்தகத்தின் மேல் பழி போடுகிறீர்கள் என்பேன்.

"நீங்க பக்கத்துல இருந்து நடந்து வர்றவங்க, ரயிலப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஒருநாள் கிள்ளானுக்கு வாங்கக்கா. திரும்பிப் போறப்ப கையில ஒண்ணு குடுத்து அனுப்புறேன். ராவாங்ல இறங்கலைன்னா, இந்தப் பக்கமே வரமாட்டேன்."

நான் கிள்ளானுக்குப் போனது அவருடைய இறுதிச் சடங்குக்குத்தான். புறப்படும்போது வசந்தி ஒரு மெல்லிய நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அப்பா மடியில இருந்தது, ஆன்டி. உங்களுக்குத்தான். 'அக்காவுக்கு இதுதான், தப்பிக்க முடியாது'ன்னு வெள்ளிக்கிழமை பூரா சொல்லிட்டிருந்தார்."

கடைசிப் பக்கங்களுக்குச் சற்று முன்பாக ஒரு மூலை மடிந்திருந்தது. அவர் முடிவை அடையவில்லை.

ரயிலில் அமர்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். ஷா ஆலம் நிலையத்தைப் பார்த்தேன். சுபாங் ஜெயா நிலையத்தைப் பார்த்தேன். நாவலின் தொடக்கம் இழுவை என்பதையும் பதிவு செய்கிறேன். சென்ட்ரல் வந்தது, கதவுகள் திறந்தன, எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. நான் எழவில்லை. தெரிந்தே உட்கார்ந்திருப்பது கணக்கில் சேராது என்று அவர் சொல்லியிருப்பார். சரிதான். ஒரு மரியாதைக்காக ராவாங் வரை போய், அங்கே இறங்கித் திரும்புவது என் திட்டம்.

கெப்போங்கைப் பார்த்ததாக நினைவில்லை. மடித்த மூலையைக் கடந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. தலை நிமிர்ந்தபோது ரயில் நின்றிருந்தது. நிலையப் பலகையில் செரண்டா என்று இருந்தது. அது ராவாங்குக்கு அடுத்த நிலையம்.

இறங்கி, ஆளில்லாத இருக்கையில் அமர்ந்து, மிச்சப் பக்கங்களைப் படித்து முடித்தேன். மடிப்பை நீவிவிடக் கை போனது, அப்படியே விட்டுவிட்டேன்.

போய் வாருங்கள், குலசேகரன். முடிவை உங்களுக்கும் சொல்லமாட்டேன், விதி உங்களுடையது. எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்: ராவாங்கில் இறங்கத் தவறிவிட்டேன்.