கால் மாத்திரைக்கு ஒரு கேள்வி

முடி கொட்டுகிறது என்று வருகிறவருக்கு மாத்திரை கொடுப்பது சுலபம். அடுத்த மாதம் அவர் திரும்பி வரும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதுதான் பிழைப்பு. மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, கேட்கக் கூசுகிற கேள்வியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு விழித்த அத்தனை பேரும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

அந்தக் கேள்வி

கல்லூரி முடித்த கையோடு, இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், தேனியில் ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கை ஒட்டிய மருந்துக்கடையில் சேர்ந்தேன். வழுக்கைக்கு அவர் எழுதுகிற மாத்திரை உண்மையில் வயதானவர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது. அதை நாலாக வெட்டி, நாளுக்குக் கால் துண்டு. கால் துண்டு முடியைக் காப்பாற்றும். சிலருக்கு மட்டும் படுக்கையறையில் கை வைத்துவிடும். தெரிந்தால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். தெரிய வேண்டுமே! டாக்டரம்மாவைப் பார்க்காமல் பழைய சீட்டை நீட்டி வாங்கிப் போகிறவர்களிடம் நான்தான் கேட்க வேண்டும்: "மாத்திரை ஆரம்பித்த பிறகு தாம்பத்தியத்தில் ஆசை குறைந்திருக்கிறதா?"

பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட எனக்குக் குரல் கொடுக்க வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். கார்த்திகையில் சேர்ந்த எனக்கு டாக்டரம்மா மாசி வரை கெடு வைத்தார். அதற்குள் கேட்கப் பழகாவிட்டால் அந்த இடத்தில் ஓர் ஆண்பிள்ளையைப் போட்டுக்கொள்வார். நான் பழனிசெட்டிபட்டி வீட்டில் உட்கார்ந்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி நீட்ட வேண்டியதுதான். டோக்கன் கொடுக்கிற பாண்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்தே முடிவு சொல்லிவிட்டார்: "பாப்பா, நீ கேக்குறதுக்குள்ள இந்த ஊருல அம்புட்டுப் பேருக்கும் வழுக்கை விழுந்து முடிஞ்சிரும்."

சுற்றி வளைத்து

கேள்விக்குக் கொஞ்சம் துணி போர்த்திப் பார்ப்போம் என்று நினைத்தேன். முதலில் வந்தவர் ஆண்டிபட்டிப் பக்கம் ரைஸ்மில் வைத்திருப்பவர். "வீட்டில் எல்லாம் நல்லபடியா இருக்கா?" என்று மெல்லக் கேட்டேன். நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு மருந்துக்கடையில் தன்னை யாரும் விசாரித்ததே இல்லை என்றார்.

அம்மாவின் முட்டிவலி, மூத்தவன் கணக்கில் வாங்கிய மார்க், மச்சினன் கல்யாணத்தில் வந்த மனஸ்தாபம் எல்லாவற்றையும் கவுண்டரில் இறக்கி வைத்தார். பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். எனக்கு நம்பிக்கை வந்தது. "மாடு மட்டும் நாலு நாளா தீனி எடுக்க மாட்டேங்குது. அதுக்கும் இங்கன மாத்திரை இருக்கா தாயி?"

தோட்டத்துக் கணக்கு

செல்வம் கம்பத்துக்காரர். திராட்சைத் தோட்டம். தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் வர வேண்டியவர் முதல் வாரம் முடிந்ததுமே மறுபடி வந்து நின்றார். மாத்திரை தீர்ந்துவிட்டதாம். கால் துண்டு எந்த மூலைக்குப் போதும் என்று காலையில் அரை, மாலையில் அரை சாப்பிட்டிருக்கிறார். மருந்துக் கம்பெனிக்காரன் ஒரு மூடி ஊற்றச் சொன்னால் தோட்டத்தில் இரண்டு மூடி ஊற்றுவதுதான் வழக்கம், அப்போதுதான் கொத்து திரளும் என்றார்.

அதிகம் சாப்பிட்டால் முடி அதிகம் வளராது, கெடுதல் மட்டும்தான் கூடலாம் என்று ஒருவழியாகச் சொன்னேன். "என்ன கெடுதல்?" என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன், டாக்டரம்மாவின் கதவைக் காட்டினேன். உள்ளே போய் வந்தவர் முகத்தில் மாப்பிள்ளைக் களையே இல்லை. "இப்படியும் ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, நான் கொடிக்கு ஊத்துறதையும்ல கொறச்சிருப்பேன்!"

வளர்ந்ததும் கொடுத்ததும்

மயிலாடும்பாறை தங்கராசு அண்ணன் டவுன் பஸ் டிரைவர். நான் சேருவதற்கு முன்பிருந்தே ஒரு வருடமாக மாத்திரை சாப்பிட்டவர். உச்சி வழுக்கை மூடிக்கொண்டு வந்திருந்தது. அடுத்த முறை தலையைப் பார்த்துவிட்டு அளவைக் குறைக்கலாமா என்று முடிவு செய்வதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அடுத்த முறை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவிழ்த்தால் மொட்டை, சந்தனம் இன்னும் காயவில்லை. முடி வளர்ந்தால் முடி கொடுப்பதாகப் பழனிக்கு வேண்டியிருந்தாராம். டாக்டரம்மா பூதக்கண்ணாடியைக் கையில் வைத்தபடி அந்தத் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தங்கராசு அண்ணன் மட்டும் அசரவில்லை: "சாமி பாத்துருச்சு டாக்டரம்மா. நீங்களும் பாக்கணும்னா இன்னும் ஆறு மாசம் பொறுக்கணும்."

அரிவாள்மணையில் வெட்டியது

கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிற ஒருவர், மாத்திரையை நாலாக வெட்டுவதில் தன் வீட்டுக்காரிக்கு நிகரில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அரிவாள்மணையில் வைத்து நூல் பிடித்ததுபோல் வெட்டுவாராம். "மூணு மாசமா இருக்கா. மயக்கமும் வாந்தியுமாத்தான் கெடக்கா. ஆனாலும் மாத்திரைய வேற யாரையும் தொட விடமாட்டா."

கர்ப்பிணிகள் வெட்டிய துண்டைத் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் வளர்ச்சிக்கு ஆகாது. "அவுகளைத் தொட விடாதீக!" என்று கத்திவிட்டேன். டோக்கன் பெஞ்சு மொத்தமும் திரும்பியது. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். டாக்டரம்மா அந்தப் பெண்ணை வரவழைத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இனித் தொடவே கூடாது என்றார். ஜீப்காரர் தலையாட்டிவிட்டு என் பக்கம் குனிந்தார்: "மாத்திரைய இனிமே நானே வெட்டிக்கிறேன் தாயி. வெங்காயத்தையும் என்னையவே வெட்டச் சொல்லிராதீக."

மாசிக் கடைசி

அந்தக் கேள்வி மட்டும் ஒருவரிடமும் கேட்கப்படாமல் மாசி முடியப்போனது. போடியிலிருந்து ஓர் இளைஞர் என் வேலைக்கு வந்துவிட்டார். நான் எப்படி வேலை செய்கிறேன் என்று பார்க்க ஸ்டூல் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று செல்வம் புது மனைவியோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தைல பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு, "ஒரு கொறையும் இல்ல, எப்பவும்போலக் குடுங்க" என்றார். அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். ஊசி மருந்து வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். "டாக்டரம்மா கேக்கச் சொன்னாங்க..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அவர் என்னைவிடக் கூச்சக்காரர். இரண்டு பேரும் குளிர்பெட்டியையே பார்த்தோம். பிறகு அவர் அதனிடமே சொல்வதுபோல ஆரம்பித்தார். "பரிசம் போட்டதுலருந்து டெலிபோன் பூத்துல நின்னு மணிக்கணக்காப் பேசுனாக. இப்ப சாப்புட்ட கையோட சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறாக. என்னையப் பிடிக்கல போலன்னு ஊருக்குப் போகப் பெட்டி கட்டிட்டேன்க்கா." உங்களால் இல்லை, மாத்திரையாக இருக்கலாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு, செல்வத்துக்கு மாத்திரையை நிறுத்தி வைத்தார் டாக்டரம்மா. சரியான பிறகு வேண்டுமானால் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்கலாம் என்றார். போடிக்காரர் எழுந்து நின்று, "நானா இருந்தா அவர்கிட்டயே தைரியமாக் கேட்டிருப்பேன் மேடம்" என்றார். டாக்டரம்மா மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை: "அவரும் உங்ககிட்ட தைரியமா 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிருப்பார். நீங்க கிளம்புங்க."

சித்திரையில்

அதிலிருந்து வீட்டுக்காரியைக் கூட்டி வந்தால்தான் அடுத்த மாத மாத்திரை என்று டாக்டரம்மா சட்டம் போட்டுவிட்டார். சித்திரையில் செல்வத்தின் மனைவி தனியாக வந்தார், தலையில் பூவும் கையில் ஒரு பை திராட்சையுமாக. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிற மாத்திரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குரல் கொஞ்சம்தான் நடுங்கியது. பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "முடி முன்ன மாதிரி நிக்கல, கொஞ்சம் கொட்டத்தான் செய்யுது. கொட்டட்டும்க்கா."

மருந்தின் அளவை டாக்டரம்மா எழுதினார், பக்கவிளைவின் அளவை மனைவிமார் சொன்னார்கள், நடுவில் வாய் வராமல் நின்றதற்குத்தான் எனக்கு வேலை நிரந்தரமானது.