என் மனைவியின் விண்ணப்பத்தில் நான் எழுதிய குறிப்பு

வங்கியில் நான் பார்த்த வேலை, சுருக்கமாகச் சொன்னால், மறுப்பது. சிறுதொழில் கடன் கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பத்தைப் படித்து, ஆட்சேபணைகளை வரிசையாக எழுதி மேலே அனுப்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு. ஓய்வு பெற்று, கடைசியாக மாற்றலாகி வந்த வங்காளத்து லேக் கார்டன்ஸிலேயே தங்கிவிட்ட பிறகு, மறுப்பதற்குக் காய்கறி லிஸ்டைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் என் மனைவியின் இட்லி மாவு வியாபாரம் சூடு பிடித்தது. அக்கம்பக்கத்து வங்காளிகள் டப்பாவோடு வந்து நின்றார்கள். வீட்டுக் கிரைண்டர் வாரம் ஒரு முறை புகைந்தது. பெரிய கிரைண்டர் வாங்க அரசாங்கம் மானியத்தோடு கடன் தருகிறது என்று, நாங்கள் பௌதி என்று கூப்பிடும் மாடி வீட்டம்மா சொல்லிவிட்டுப் போனார். அது கிடைக்காவிட்டால் துர்கா பூஜைக்குள் வியாபாரத்தை மூட்டை கட்டவேண்டியதுதான் என்றாள் மனைவி.

எழுத்து வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். திட்ட அறிக்கை, பின்னிணைப்புகள் என்று ஃபைல் தடித்துக்கொண்டே போனது. அவள் தோசைத் திருப்பியோடு வந்து எட்டிப் பார்த்து, ஒரு கிரைண்டருக்கா இவ்வளவு என்றாள். அரசாங்கத்துக்குக் கனம் முக்கியம் என்றேன். முடித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இது என் மேஜைக்கே வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று பார்க்கும் ஆசையில் தனித்தாளில் எழுதினேன். பிரமாதமாக வந்திருந்தது. இரண்டு முறை படித்து ரசித்துவிட்டுக் காகிதங்களையெல்லாம் சேர்த்துக் கட்டினேன். அந்தத் தாளும் உள்ளே போய்விட்டது பாலிகஞ்சில் கடன் அலுவலகத்து நேர்காணலில்தான் தெரிந்தது.

அதிகாரி சின்ன வயதுப் பெண். என் மனைவியைச் சித்தி முறை வைத்து மாஷிமா என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். ஃபைலைப் புரட்டியவள் கடைசித் தாளில் நின்று, இதை யார் எழுதியது என்று இந்தியில் கேட்டாள். நான் ஃபேனைப் பார்த்தேன். அவள் உரக்கவே படித்தாள். விண்ணப்பதாரருக்குத் தொழில் அனுபவம் இல்லை. காலையில் லூச்சிப் பூரி சாப்பிடும் ஊரில் மாவு விற்பது சந்தேகமே. குளிர்காலத்தில் மாவு புளிக்காது. ஆகவே திருப்பி அனுப்பலாம்.

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாதி இந்தி, பாதி வங்காள மொழியில் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். இவருக்கு மாற்றலான ஊரிலெல்லாம் அந்தந்த ஊர்த் தண்ணீருக்குத் தக்கபடி மாவு அரைத்திருக்கிறேன், அது அனுபவம் இல்லையா என்றாள். லூச்சி சாப்பிடுகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வரிசை கட்டுகிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்த ஆர்டர்களைக் காட்டினாள். குளிரில் பாத்திரத்துக்கு இவருடைய குரங்குக் குல்லாவை மாட்டிவிடுவேன், பொங்கி வழியும் என்றாள். அந்தக் குல்லாவை நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் தாளை மட்டும் உருவி, மரியாதையாக என்னிடமே கொடுத்தாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். கூட இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, தாராளமாகத் திட்டலாம். அவள் திட்டவில்லை. பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"இந்த மாதிரி எத்தனை பேருக்கு எழுதியிருப்பீங்க?"

கணக்கில்லை என்றேன்.

"அவங்கள்ல யாரையாவது உக்கார வச்சு, அந்தப் பொண்ணு என்னைக் கேட்ட மாதிரி கேட்டிருக்கீங்களா?"

ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. அவர்களிடமும் இப்படிப் பதில்கள் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.