தீவில் அடுக்கிய மூன்று கற்கள்

வேலை தேடி வந்த வெளிமாநில ஊரான சிஞ்ச்வட்டில், வாடகை வீட்டை எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று எனக்கு ஓயாத பயம். அணைநீர் நடுவே ஒரு சின்னத் தீவுக்குப் போனபோது, அங்கிருந்த பெரிய கற்குவியலின் மேல் மூன்று கல்லை அடுக்கி, கோயில் மலையில் வேண்டுவதுபோல், "முருகா, சொந்த வீடு குடு" என்றேன்.

செருப்பைக் கையில் பிடித்தபடி அந்த இடத்தின் காவலாளி வந்தார். நரைத்த மீசை, சாயம்போன காக்கி. குவியல் பக்கம் அவர் செருப்போடு நடப்பதில்லையாம்.

"தமிழா? யோவ், இது சமாதிய்யா! எழுத்தே இல்லாத காலத்து ஆளு உள்ள படுத்திருக்காரு."

சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "ஐயோ, செத்தவர்கிட்ட வீடு கேட்டுட்டேனே! ஏதாவது ஆயிடுமாண்ணே?"

"ஒண்ணும் ஆவாது. அவரு வீடு இன்னும் நிக்குது. என்னுதுதான் மழைக்கு ஒழுவுது" என்று தன் தார்ப்பாய்க் கொட்டகையைக் காட்டிச் சிரித்தார்.

பிறகு மூன்று கல்லையும் எடுத்துப்போய் அந்தக் கொட்டகை வாசலில் அப்படியே அடுக்கினார். எனக்காகவா, தனக்காகவா என்று தெரியாமலே நானும் கைகூப்பினேன்.