தங்கச்சியின் கடைக் கண்ணாடி உடைந்த காலை

அப்போதுதான் சூடாக இறங்கிய பேக்கரிப் பாணின் மணம். கதவைத் திறந்தால் நனைந்த புல்லும் செம்மறி ஆடும் கலந்த இன்னொரு மணம்… என் தங்கச்சி சுமதியின் கடையை நினைத்தால் முதலில் வருவது இதுதான்.

கோவிட்டுக்கு முந்தைய ஒரு வசந்தகாலம். சுமதியும் அவள் கணவன் ரவியும் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் கடை நடத்தினார்கள். கீழே கடை, மேலே வீடு. ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு பள்ளிக்கூடம்… ஊரே அவ்வளவுதான். நான் ரொறன்ரோவின் மல்வேர்னிலிருந்து மூன்று கிழமை லீவில் போயிருந்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அங்கே எங்கள் கார் களவு போயிருந்தது. காலை ஷிஃப்டுக்கு வெளிக்கிட்டு வந்தால், ட்ரைவ்வேயில் பனி படாத ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் கிடந்தது. பொலிசுக்கு ஃபோன் அடித்தோம். ஃபோனிலேயே விபரம் கேட்டு ஒரு ரிப்போர்ட் நம்பர் தந்தார்கள். இன்சூரன்ஸுக்கு அது போதுமாம்.

சுமதியின் கடை வாசலில் ஒரு நோட்டிஸ் போர்ட் இருந்தது. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த குற்றங்களை மாதம் ஒருமுறை டைப் செய்து அதில் குத்திவிட்டுப் போவார், ஊர்ச்சபையில் இருந்த மார்கரெட் என்ற வயதான பெண். அந்த மாதத் தாளை நின்று வாசித்தேன்.

ஒரு கொட்டிலிலிருந்து புல் வெட்டும் மெஷின் களவு.
பக்கத்து ஊர்த் தேவாலயக் கூரையில் ஈயத் தகடு கழற்றப்பட்டிருக்கிறது.
யாரோ ஒருவரின் நாய் ஆடுகளைத் துரத்தியது.
சந்தேகத்துக்கிடமாக ஒரு வெள்ளை வான்.

"இவ்வளவுதானோடி?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. போன மாசம் இதுகூட இல்லை."

சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அந்தத் தாள் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

பிறகு பார்த்ததெல்லாம் கண்ணைக் குத்தியது. சுமதி காரைப் பூட்டாமல், திறப்பைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வருவாள். பின்கதவைப் பூட்டவே மாட்டாள். பிள்ளைகளின் சைக்கிள்கள் மதிலோடு சாத்தியபடி கிடக்கும். ஒரே வீட்டிலிருந்து, ஒரே போருக்குப் பயந்து நாட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவளை லண்டனில் இறக்கினான், என்னை ரொறன்ரோவில். எனக்கு இரண்டு பூட்டும் ஒரு கமராவும். அவளுக்கு நாய் துரத்திய ஆடு…

இரண்டாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கீழேயிருந்து ரவியின் குரல் கேட்டு இறங்கி ஓடினேன்.

கடையின் முன்கண்ணாடி முழுதாக நொறுங்கிக் கிடந்தது. சிகரெட் அடுக்கு வெறுமையாக இருந்தது. சுமதி நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரோடு, செருப்பில்லாமல் அப்படியே நின்றாள்.

நான் படியில் நின்று பார்த்தேன். எனக்குள் முதலில் வந்தது பயமும் இல்லை, இரக்கமும் இல்லை. 'அப்பாடா, இங்கேயும் நடக்குதுதானே' என்றுதான் வந்தது. வாயிலும் ஒரு சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

சுமதி திரும்பினாள். பார்த்துவிட்டாள்.

அரை மணித்தியாலத்துக்குள் ஊரே வந்துவிட்டது. மார்கரெட் சொந்தத் தும்புத்தடியோடு வந்து கூட்டத் தொடங்கினார். ஒரு பண்ணைக்காரர் பலகை கொண்டுவந்து, அளந்து, ஆணி அறைந்தார். டவுனிலிருந்து வந்த பொலிஸ்காரி சமையலறைக் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். எனக்குப் பொறாமை குறையும் என்று நினைத்தேன்… இன்னும் கூடியது. களவு போனாலும் இப்படியல்லவா போக வேண்டும்.

பின்னேரம் பாத்திரம் கழுவும்போது சுமதி சொன்னாள்.

"அக்கா, காலமை நீங்கள் சிரிச்சனீங்கள்."

"இல்லையடி" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஓம்" என்றேன். "எரிச்சலா இருந்தது. உனக்கு மட்டும் எல்லாம் எப்பிடி அமைஞ்சது எண்டு."

அவள் தண்ணிப் பைப்பை மூடினாள்.

"இந்தச் சனம் நல்ல சனம்தான். எல்லாருக்கும் காலமை முழுக்கத் தாங்க்யூ சொல்லிக்கொண்டு நிண்டனான். அழ ஏலாமக் கிடந்தது. அழுறதுக்கு உங்களைத்தான் திரும்பிப் பாத்தனான்."

அவள் தோளில் கை வைத்தேன். அவள் தட்டிவிடவில்லை, என் பக்கம் சாயவும் இல்லை.

மிச்ச நாள்கள் வழமைபோலவே போயின. எயார்போர்ட்டில் கட்டிப்பிடித்தாள். அதைப் பற்றி நாங்கள் பிறகு கதைத்ததே இல்லை.

இப்போதும் அவள் அங்கேதான் இருக்கிறாள். அந்த ஊரை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

போன மாதம், எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்குப் பின்னால் பட்டப்பகலில் துப்பாக்கி வெடிச் சத்தம். ரோட்டுக்குக் குறுக்கே பொலிஸ் கட்டிய மஞ்சள் நாடா, பஸ் வேறு பாதையால் போனது. நல்ல காலம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி பயந்துபோய் எங்கள் வீட்டுக்கு வந்தா. பின்னால் இன்னும் இரண்டு வீட்டுச் சனம். ஒருவர் புட்டு கொண்டுவந்தார், ஒருவர் சம்பல். முன்னறை நிறையக் கதையும் சத்தமும்.

அதற்குள் சுமதி வட்ஸ்அப்பில் கோல் எடுத்தாள். "அக்கா, நியூஸில பாத்தன். உங்கட பக்கமோ?"

"ஓம். எங்களுக்கு ஒண்டுமில்லை."

"ஆர் அவ்வளவு பேர் கதைக்கினம்?"

"அக்கம்பக்கத்து ஆக்கள். எல்லாரும் இஞ்சதான் சாப்பிடினம்."



"குடுத்து வச்சனீங்கள்" என்றாள்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். "என்ர தங்கச்சி, இங்கிலாந்தில இருந்து" என்றேன். அன்ரி குனிந்து, "பிள்ளை, நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டா.