பெல்ட்டில் தேங்காயெண்ணெய்

எங்கள் வீட்டில் எங்காவது சத்தம் வந்தால் எண்ணெய் ஊற்றுவார்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு நான்கு விசைத்தறிகள் இருந்தன. தறியின் எந்த மூலையிலாவது கிறீச்சென்று கேட்டால் அப்பா எண்ணெய்க் கேனோடு எழுந்து போவார். சற்று நேரத்தில் அந்த மூலை அடங்கிவிடும். கதவுக் கீல், அம்மாவின் தையல் மிஷின், என் சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். ஒன்பது வயதில் எனக்கு உலகத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்திருந்த ஒன்றிரண்டு விஷயங்களில் இதுவும் ஒன்று.

அந்த வருஷம் அப்பா பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். எங்கள் சொந்தத்தில் அதுதான் முதல் கார். ஸ்டியரிங்கை வேறு யாரும் தொடக்கூட விடமாட்டார். அதில் ஒரே ஒரு குறை. காலையில் சாவியைத் திருப்பியதும் முன்பக்கத்திலிருந்து வீல் என்று ஒரு அலறல் கிளம்பும். இரண்டு நிமிஷம் தெருவுக்கே கேட்கும்படி அலறிவிட்டுத்தான் ஓயும். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்து, "ஏனுங்க, இன்னும் தீனி வெக்கலீங்களா?" என்று கேட்பார். அப்பா சிரிப்பார். சிரித்துவிட்டு உள்ளே வந்து எங்களில் யார்மீதாவது எரிந்துவிழுவார்.

மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து, உள்ளே ஓடும் கறுப்பு வாரைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பெல்ட்டுதானுங்க கத்துது. இது சுத்துனாத்தான் டைனமோ சுத்தும், பேட்டரிக்குச் சார்ஜு ஏறும். தேஞ்சுபோச்சுங்க. அந்தியூர்ச் சந்தைக்குப் போயிட்டு வந்து மாத்திப்போடலாம்." ஆடி மாதம் அந்தியூரில் குதிரை பார்க்கப் போனால் அவர் திரும்பி வர ஒரு வாரமாகும். அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம்தான் அத்தையையும் மாமாவையும் ஆடிக்கு அழைத்து வந்தார்கள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வைகாசியில்தான் கல்யாணம் முடிந்திருந்தது. மாமாவுக்குக் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனி ஆபீசில் வேலை. டிகிரி படித்தவர், வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருப்பவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர் என்பதைத் தாண்டி அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அவகாசமும் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளை என்பவர் உட்கார வைக்கப்பட வேண்டியவர். அவர் தானாக எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டால் வீட்டில் யாரோ பெரிய தப்புச் செய்துவிட்டதாக அர்த்தம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களைக் காரில் மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. புது மாப்பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கார் அலறப்போகிறதே என்று அப்பா சனிக்கிழமை முழுவதும் வாடிய முகத்தோடு இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாயங்காலம் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், தறியில் நூல் அறுந்துவிட்டதென்று கூப்பிட்டதும் அப்படியே விட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே ஓடினேன். தறி எண்ணெய் பாவாடையில் பட்டால் போகாது என்பதால் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்தேன். மெக்கானிக் காட்டிய இடம் நன்றாக நினைவிருந்தது. கஞ்சத்தனம் பார்க்காமல் கால் பாட்டிலை ஊற்றினேன்.

காலையில் அப்பா கண்ணை இறுக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. எதிர்வீட்டுக்காரர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி ஏமாந்து நின்றார்.

"மாப்ள வந்த நேரமுங்க" என்றார் அப்பா. அவர் அவ்வளவு பெருமையாக வண்டி ஓட்டி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்சீட்டில் அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் ஒரு மகாராணி போல உட்கார்ந்திருந்தேன்.

மலையேறும்போது ரப்பர் கருகுகிற வாசம் வந்தது. வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று அம்மா கண்ணாடியை ஏற்றினாள். சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி, எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது முன்னால் 'பட்' என்று ஏதோ அறுந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"பெல்ட் போயிருச்சுங்க மச்சான். ஊட்டு வரைக்கும் மெதுவாப் போயி நிறுத்திருங்க. அதுக்கு மேல ஓட்டுனா எஞ்சின் சூடாயிரும்" என்றார் மாமா. அதுவரை அவர் அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

வாசலில் வண்டி நின்றதும் அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கோயமுத்தூரில் சர்டிபிகேட்டுகளோடு நிற்க வேண்டும். அரசுப் பள்ளி டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதி, தேறி, கடைசிப் படியான சரிபார்ப்புக்கு வந்திருந்தாள். போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைக்குக் காலையிலிருந்தே பஸ் ஸ்டிரைக், திங்கட்கிழமையும் ஓடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒத்துவரும் நேரத்தில் ரயில் இல்லை. வாடகை வண்டிக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அந்தியூர்ச் சவாரிக்குப் போயிருந்தார்கள். "நம்ம கார் இருக்கறப்ப எதுக்கு அம்மணி கவலைப்படறே?" என்று முந்தின நாள்தான் அப்பா தங்கையிடம் சொல்லியிருந்தார்.

அப்பா மெக்கானிக்கின் வீட்டுக்குப் போன் செய்தார். அவர் குதிரைகளோடுதான் இருந்தார். போனை வைத்துவிட்டு அப்பா திரும்பிப் பார்த்தபோது மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தறிக்கு வெச்சிருக்கற ஸ்பேனர் செட்டு குடுங்க மச்சான்."

"நீங்க எதுக்குங்க மாப்ள? சட்டையெல்லாம் அழுக்காயிரும். உள்ள வந்து உக்காருங்க."

"அண்ணா, காப்பி வெச்சுட்டேன், வாங்க" என்று அம்மாவும் உள்ளிருந்து மாமாவைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை கார் ரிப்பேர் செய்வதைத் தெருவில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்பதுதான் அவள் கவலை.

மாமா சட்டையைக் கழற்றி அத்தையின் தோளில் போட்டார். அப்பா ஸ்பேனர் எடுக்கத் தறிப் பக்கம் போனார். மாமா பனியனோடு பானெட்டுக்குள் குனிந்து கையை விட்டு அறுந்த பெல்ட்டை உருவினார். உருவியதும் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே தலையைத் திருப்பி வாசலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பார்வை என்னிடம் வந்தபோது நான் என் சடையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அன்றைக்கு அவ்வளவு அவசியமாகப் பார்க்க வேண்டிய சடையில்லை.

அவர் பெல்ட்டைச் செய்தித்தாளில் சுற்றி, ஸ்பேனரோடு வந்த அப்பாவிடம் கொடுத்தார். "பெருந்துறையில ஸ்பேர் கடை தொறந்திருந்தா, இதே அளவுல ஒண்ணு வாங்கிட்டு வந்திருங்க. அதுக்குள்ள நான் போல்ட்டை லூஸ் பண்ணி வெக்கறேன்."

அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். மாமா கந்தல் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, பெல்ட் ஓடும் சக்கரங்களை ஒன்றுவிடாமல் துடைத்தார். துணியை மாற்றி மாற்றித் துடைத்தார். நான் தூணருகே நின்றிருந்தேன். ஒரு தடவைகூட அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தப்புச் செய்தால் உடனே அடி விழும், அழுதால் முடிந்துவிடும் என்று பழகியவள் நான்.

முக்கால் மணி நேரத்தில் அப்பா புது பெல்ட்டோடு வந்தார். மொபெட்டை ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே கத்தினார்.

"பெல்ட்டுல தேங்காயெண்ணெய். கடைக்காரன் மோந்து பாத்துட்டுச் சிரிக்கறான், வண்டிக்குத் தலை சீவி உட்டீங்களான்னு கேக்கறான். எண்ணெய் பட்டா வழுக்குமாம், சூடாகி அறுந்துபோகுமாம். இந்த ஊட்ல யாரு இந்த வேலையைப் பண்ணுனது?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். அங்கே பாட்டில் முக்கால்தான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.  என் ஒருத்தியால் அத்தையின் வேலை போகப் பார்த்தது என்பது அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

"அது நான்தானுங்க மச்சான்" என்றார் மாமா.

அப்பா திரும்பினார்.

"பெல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னால கைல தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டேனுங்க. தடவிக்கிட்டா கிரீஸ் ஒட்டாது, கழுவுனா போயிரும். அதுதான் பெல்ட்டுல பட்டிருக்கும். மத்தபடி அது பழசுங்க, தன்னாலதான் அறுந்துச்சு."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

மாமா கந்தல் துணியால் கையைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமெடுத்துக்கொண்டார்.

"லாரில கிளீனரா இருந்தப்பப் பழகுனதுங்க. மூணு வருஷம் ஓடுனேன். ஊட்ல முடியாம படிப்பு நின்னுபோச்சு. அப்புறம் தபால்ல படிச்சுத்தான் இந்த வேலைக்கு வந்தேன். தரகர் உங்ககிட்டச் சொல்லாம உட்டுட்டாருன்னு எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது. நானே சொல்லியிருக்கோணும் மச்சான்."

 அத்தை தோளில் கிடந்த சட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா புது பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கல்யாணத்தில் மேடையேறி, என் தங்கைக்குப் படித்த மாப்பிள்ளை, ஆபீஸ் மாப்பிள்ளை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னவர் அவர்.

ஆனால் அந்த வேலை இரண்டு பேர் இல்லாமல் முடியாது. மாமா பெல்ட்டை வாங்கிச் சக்கரங்களில் மாட்டினார். டைனமோவை நெம்பிப் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தால்தான் போல்ட்டை முடுக்க முடியும். தறிக்கட்டை ஒன்றை உள்ளே கொடுத்து, "இப்படி இழுத்துப் புடிங்க மச்சான்" என்றார். அப்பா குனிந்தார். இரண்டு தலைகளும் பானெட்டுக்குள் அருகருகே இருந்தன.

"இன்னும் கொஞ்சம்."

"போதுங்களா?"

"எச்சா இழுத்தா பேரிங் போயிருமுங்க. அப்படியே இருக்கட்டும்."

முடுக்கிவிட்டு மாமா கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அப்பாவும் அழுத்திப் பார்த்தார். சாவியைத் திருப்பியதும் வண்டி அமைதியாகக் கிளம்பியது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று மாமா பக்கத்தில் அப்பா சாப்பிட உட்காரவில்லை. தறியில் வேலை இருப்பதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை பஸ் இல்லாததால் எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, என்னையும் கூட்டிப்போனார்கள். எட்டரைக்கே போய்ச் சேர்ந்தோம். அத்தை மத்தியானம் வெளியே வந்து, சிரித்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். திரும்பி வரும் வழியில் அவிநாசியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டீ குடித்து முடித்ததும் அப்பா சாவியை மாமாவிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க மாப்ள. எனக்கு இடுப்பு வலிக்குது." அப்பாவுக்கு அதற்கு முன்னும் பின்னும் இடுப்பு வலித்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பா அப்படி இரண்டாம் நாளே வழிக்கு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் வழிக்கு வரவில்லை. விஷயம் எப்படியோ பரவி, 'கிளீனர் மாப்பிள்ளை' என்ற பெயர் கல்யாணப் பந்திகளில் பல வருஷம் மாமாவுக்குப் பின்னால் நடந்தது. அவர் காதில் விழுவதுபோலவே பேசுவார்கள். அவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கல்லூரியில் சேர்ந்தபோது கோயமுத்தூரில் அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தேன். அத்தை அப்போது ஸ்கூலில் சீனியர் டீச்சர். ஒரு நாள் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. லாரியின் முன் பம்பரில் கால் வைத்து, கறை படிந்த பனியனோடு ஒல்லியான ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான்.

"இது யாருங்க அத்தை?"

"உங்க மாமாதான் கண்ணு. கிளீனரா ஓடுனப்ப எடுத்தது. கல்யாணமான முதல் வாரமே எங்கிட்டச் சொல்லிட்டாரு. அண்ணன்கிட்ட நல்ல நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன், நீ சொல்லாதேன்னாரு. கடைசில பாரு, அந்தக் கார் முன்னால நின்னு சொல்லும்படி ஆயிப்போச்சு. அன்னிக்கு ஏன் திடுதிப்புன்னு சொன்னாருன்னு இன்னும் எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரிந்தது. போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மாமா வந்ததும் எண்ணெய் ஊற்றியது நான்தான் என்று சொன்னேன். எட்டு வருஷம் கழித்துச் சொல்வதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்ப? பெல்ட்டு பழசுதான்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். அத்தையிடம் அவர் இன்றுவரை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மாமா சொன்னது நிஜமென்று அன்றைக்கு ஏன் எனக்குப் புரியாமல் போனது என்று அடிக்கடி யோசிப்பேன். அவர் பெல்ட்டை உருவும்போது கையில் எண்ணெய் தடவவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். எனவே அவர் சொன்ன மீதியும் பொய்தான் என்று முடிவு கட்டி, அந்தப் போட்டோ கிடைக்கும்வரை அப்படியே நம்பியிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட மாமாவாவது, லாரியாவது, கிளீனராவது. அப்பா புது பெல்ட்டோடும் அத்தை சட்டையோடும் நின்ற அந்த நேரத்தில், எனக்காக இவர் எவ்வளவு அழகாகக் கதை கட்டுகிறார், அதை அப்பாகூட நம்பிவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடிப்போய், யாரும் பார்க்காத இடத்தில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தேன்.