நியூட்ரல் விழாத வண்டி

என் வீட்டுக்காரரை வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் போடுகிறவர். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் குமிழி ஓடும் கட்டை ஒன்றை வைப்பார்களே, அதன் பெயர்தான் அது. அந்தக் கட்டையை வைப்பதற்கு முன்னாலேயே இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அந்த மூலை ஒரு நூல் தாழ்ந்திருக்கு" என்று சொல்லிவிடுவார். வைத்துப் பார்த்தால் தாழ்ந்துதான் இருக்கும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீட்டில் நான் மாட்டிய கண்ணாடி கோணல், நான் மடித்த போர்வை கோணல். "என் மூஞ்சியும் கோணலா இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "லேசா" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும் வரை அதே உட்கார்வுதான். நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் தரையில் குத்துக்காலிட்டுத்தான் டீ குடிப்பார். இருபது வயதிலிருந்து அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு அதுதான் ஓய்வு. நான் ஒரு லாட்ஜின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன், நாள் முழுக்க நிற்கிறேன். நின்றே ஒருத்தி, உட்கார்ந்தே ஒருத்தர். எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போலக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் எங்களுக்குப் பேச விஷயம் இல்லாமல் போயிற்று. ஒரு ஞாயிறு சாயங்காலம், "வா, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று வண்டியை எடுத்தார். பழைய பைக், ஆனால் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பார். ஊரைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஆற்றுப் பாலம் வரைக்கும் போவோம். பாலத்தில் கொஞ்ச நேரம் நிற்போம். திரும்பி வருவோம். அவ்வளவுதான். அதற்காக நான் ஆறு நாளும் காத்திருப்பேன். ஐம்பது வயதில் இது தேவையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். உனக்கு ஏன் வயிறு எரிகிறது என்று கேட்டேன்.

கோளாறு ஆரம்பித்தது ஒரு சிக்னலில். சிவப்பு விழுந்தது, நிறுத்தினார். வழக்கமாக நின்ற நொடியில் இடது கால் நுனியால் லேசாக ஒரு தட்டு தட்டுவார், மீட்டரில் நியூட்ரலின் பச்சை விளக்கு எரியும், கிளட்சை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொள்வார். அன்றைக்கு அந்தப் பச்சை எரியவில்லை. காலைத் தூக்கினார், கியர் இரண்டாவதில் போய் விழுந்தது. மிதித்தார், முதலாவதுக்கு வந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி இரண்டு. நடுவில் இருக்கும் நியூட்ரல் அகப்படவே இல்லை. அதற்குள் சிக்னல் மாறி, கை நழுவி, வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

"என்னாச்சுங்க?"

"நியூட்ரல் விழ மாட்டேங்குது. கிளட்ச் பிளேட் போயிருக்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன், சிரித்துக்கொண்டே. வழக்கமாக இதற்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவர் வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, வண்டியைச் சொன்னதால் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனார். கிரீஸ் என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மெக்கானிக் இவருக்குத் தம்பி மாதிரி. கிளட்ச் பிளேட் மாற்றினார்கள். அடுத்த ஞாயிறு, அதே சிக்னல், அதே கதை. கேபிள் மாற்றினார்கள். ஆயில் மாற்றினார்கள். கியர் பெட்டியையே பிரித்துப் பார்த்துவிட்டுக் கிரீஸ் என்னிடம் வந்து புலம்பினான்.

"அண்ணி, வண்டியில ஒண்ணுமே இல்ல. நான் ஓட்டிப் பாத்தேன், தொட்டா நியூட்ரல் விழுது. சொன்னா அண்ணன் கேக்க மாட்டேங்குறாரு. உனக்குத் தொழில் தெரியலடாங்குறாரு. இன்னும் எதைத்தான் மாத்துறது? ஓட்டுற ஆளைத்தான் மாத்தணும்."

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் வீட்டில் வேறு சிலதும் நடந்துகொண்டிருந்தன, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இடது காலில் செருப்பு நிற்கவில்லை, நடக்கும்போது கழன்று பின்னால் கிடந்தது. சமையலறைக்கு வரும்போது ஒரு கால் சத்தமில்லாமல் வரும், ஒரு கால் தப்பென்று தரையில் விழும். "காலைத் தூக்கி நடங்களேன், என்ன நடை இது" என்று திட்டினேன். வாசல்படியில் இரண்டு தடவை தடுக்கினார். கண் எங்கே இருக்கிறது என்று அதற்கும் திட்டினேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. பாலத்துக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கார், பின்னால் லாரி. இவர் வண்டியை நிறுத்தி, தூக்குவதும் மிதிப்பதுமாக ஆரம்பித்தார். இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று. தொடையோடு சேர்த்துக் காலைத் தூக்குவது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. வருவதோ சரக்கு ரயில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அத்தனை நேரமும் கிளட்சை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் முடிந்தது, குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த யோசனைகூட அவருக்கு வரவில்லை. எப்படியாவது நியூட்ரலைப் பிடித்துவிட வேண்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றார். சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

"விடுங்க, அணைச்சிடுங்க" என்றேன்.

"பேசாம இரு" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

கை விட்டுப்போயிற்று. வண்டி பாய்ந்து காரின் பின்பக்கத்தில் மோதி இடது பக்கம் சாய்ந்தது. நான் குதித்துவிட்டேன். அவர் இடது காலை ஊன்றினார், கணுக்கால் துணி மாதிரி மடங்கியது, வண்டியோடு விழுந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லாரிக்காரர் இறங்கி வந்து அவரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார். கார்க்காரர் இறங்கிப் பார்த்து, ஒரு கீறல்தான் என்று தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார். நல்ல மனிதர்கள். வண்டியை நிமிர்த்தித் தள்ளினால் நகரவில்லை, கியரில் இருந்தது.

நான் கீழே உட்கார்ந்தேன். அந்தக் கியர் கம்பிக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து, என்ன ஆகிறது பார்க்கலாம் என்று லேசாகத் தூக்கினேன். பட்டென்று நியூட்ரல். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சின்ன டப்பாவின் மூடியைத் திறக்கும் பலம்கூட அதற்கு வேண்டியிருக்கவில்லை.

அப்படியே திரும்பி அவருடைய காலைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் நுனியைத் தூக்குங்க."

வலது காலைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த வயசுல விளையாடாதீங்க. அந்தக் காலு."

இடது கால் விரல்கள் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, தொடை நடுங்கியது. பாதம் அசையவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், நானும் அந்தச் சோற்றைப் பரிமாறிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடி. அந்தப் பெரிய பள்ளிக்கூட வராந்தா போட்டோமே, அப்ப ஒருநாள் எந்திரிச்சா காலு மரத்திருந்துச்சு. சரியாயிடும்னு பாத்தேன்."

"தெரிஞ்சேதான் வண்டியைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டீங்களா?"

தொங்கிய பாதத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். "வண்டின்னா எதையாவது மாத்தலாம்ல" என்றார். "ஒவ்வொரு தடவையும் இது வண்டியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்மா."

எனக்கு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. ரயில் போய்க் கேட் திறந்து எல்லா வண்டியும் போன பிறகும் நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் இளம்பெண். ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார், ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. முழங்காலுக்கு வெளிப்பக்கமாக ஒரு நரம்பு எலும்பை ஒட்டிப் போகிறதாம். வருஷக்கணக்கில் மடக்கியே வைத்ததில் அது நசுங்கிவிட்டது. பாதத்தைத் தூக்குகிற வேலை அந்த நரம்புடையது.

"இனிமே குத்துக்கால் போட்டு உக்காரவே கூடாது. விட்டுட்டா நரம்பு மெதுவா திரும்ப வரலாம். சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது. தொடர்ந்து உக்காந்தீங்கன்னா எப்பவுமே வராது."

"மண்டி போட்டுச் செய்யலாமா டாக்டர்?"

"அதுவும் வேண்டாம்."

"சின்ன முக்காலி போட்டுக்கிட்டு?"

"முழங்காலை மடக்கியே வைக்கிற எந்த வேலையும் வேண்டாங்க."

"அப்ப நான் தரையை எப்படிம்மா தொடுறது?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். எதற்கும் வாய் தயாராக வைத்திருக்கும் நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதம் தொங்காமல் இருக்கக் காலில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். வீட்டில் ஒரு நாற்காலி போட்டேன். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த வாரங்களை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். டீவி போட்டால் தலை வலிக்கிறது என்பார். அணைத்தால் ஏன் அணைத்தாய் என்பார். ஒருநாள் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன், குளியலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். "சித்த நேரம்தான்மா" என்றார். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று விட்டேன். "உங்க காலு உங்களுக்கு மட்டுமாங்க?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அப்படி உட்காரவில்லை. அவரை இழுத்துக் கட்டிப் போட்டது நான்தான்.

தினமும் காலையில் எழுந்ததும் போர்வையை விலக்கிக் காலைப் பார்ப்பார். நானும் பார்க்காதது போலப் பார்ப்பேன். தொங்கிய விரல் தொங்கியபடிதான்.

இவருக்கு வேலை கொடுக்கும் காண்ட்ராக்டர் பொறுமையான ஆள்தான். ஆனாலும் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று, தரை முழுக்க இவர்தான் போட வேண்டும் என்று வைத்திருந்தார். திங்கட்கிழமை வந்தால் உண்டு, இல்லையென்றால் வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஞாயிறு சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இங்க வா, இங்க வா, சீக்கிரம் வா."

ஈரக் கையோடு ஓடினேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"அசையுது பாரு. கட்டை விரல். பாரு, இப்ப."

மூச்சை அடக்கிக்கொண்டு முயற்சி பண்ணினார். பார்த்தேன். தொடை இறுகியது, முழங்கால் நடுங்கியது, அந்த நடுக்கத்தில் விரிப்பு அசைந்தது. விரல் அசையவில்லை.

"அசைஞ்சுதுல்ல?"

வாழ்நாள் முழுக்க அவரிடம் கோணல் என்றால் கோணல் என்று கேட்டு வாங்கியவள் நான், கொடுத்தவளும் நான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஆமாங்க. அசைஞ்சுது."

அவர் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு. நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காண்ட்ராக்டருக்குப் போட்டுவிட்டார். "அண்ணே, காலு வர ஆரம்பிச்சிடுச்சு. என் வீட்டுக்காரியே பாத்தா. காலைல வந்துடுறேன், முதல் மாடில இருந்து நானே ஆரம்பிக்கிறேன். வேற ஆளு வேண்டாம்ணே."

கருணை காட்டுகிறேன் என்று நானே அவரைத் தூக்கித் தரையில் உட்கார வைத்துவிட்டேன். ஒரு மாடி முடிவதற்குள் அந்த நரம்பு செத்துவிடும். நான் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அண்ணே, நான் பேசுறேன். அவர் வர மாட்டாரு. கால் அசையல. நான்தான் பொய் சொன்னேன். நீங்க வேற ஆளைப் போட்டுக்கோங்க."

"சரிம்மா" என்று காண்ட்ராக்டர் வைத்துவிட்டார்.

இவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. போனையும் திருப்பிக் கேட்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம்கூடவா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்கூட இல்லைங்க" என்றேன்.