பீரங்கி இல்லாத பீரங்கி வண்டி

நனைந்த தேக்கின் மணமும் சூடான எஞ்சின் எண்ணெயின் நெடியும் சேர்ந்து எங்கிருந்தாவது வந்தால், ஆடிச் சாரலில் சொட்டச் சொட்ட நின்ற ஓர் இரும்பு வண்டி இன்றும் என் கண்முன் வந்து நிற்கும். ஐம்பதுகளில், குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, எங்கள் தெருவை ஒட்டியிருந்த மரக்கடையில், மலையில் வெட்டிய மரங்களை, எங்கள் பேச்சில் "தடி", இழுத்து வருவதற்காக அதை வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்ட கவச வண்டி அது. துப்பாக்கிக் கூண்டைக் கழற்றிவிட்டதால் உச்சியில் வட்டமாய் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. ஆனாலும் தெருப் பிள்ளைகளுக்கு அது "பீரங்கி வண்டி"தான்.

அதை ஓட்டியவர் என் அப்பா. யுத்தத்தின்போது பாலைவனத்தில் இதே வகை வண்டியை ஓட்டியவர். "சங்கிலியில ஓடுதது டாங்கு, சக்கரத்துல ஓடுதது இது. ரெண்டும் ஒண்ணில்லட்டி" என்று எனக்குச் சொல்லித்தருவார். ஒரே அடிச்சட்டத்தின்மேல் பீரங்கி வைத்தது ஒன்று, கூரையில்லாமல் சிப்பாய்களை ஏற்றுவது ஒன்று, கம்பியில்லாத் தந்தி வைத்து அதிகாரிகள் போவது ஒன்று என்று அவர் விவரிக்கும்போது, சொந்தபந்தங்களின் குணத்தைச் சொல்வதுபோல் இருக்கும். அம்மாவுக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது. "ஆளைக் கொல்லுததுக்குச் செஞ்ச வண்டி. வாசல்ல நிறுத்தாதீங்க" என்பாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அம்மா நிறைமாதமாக இருந்தாள். அந்த ஆடியில் அருவி பெருகி, தென்காசிக்குப் போகும் ஒரே வழியான தாம்போதி என்ற தரைப்பாலத்தின்மேல் சிற்றாறு இடுப்பளவு ஓடியது. பஸ் நின்றுபோயிற்று, மாட்டுவண்டிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அன்று காலையில்தான் அம்மாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி அறையிலிருந்து வெளியே வந்து, "பிள்ளை குறுக்க கெடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாத்தான் உண்டு" என்றாள்.

அப்பா மரக்கடைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். "அண்ணாச்சி, வண்டிய எடுத்துக்கிடுதேன். ஆத்தோட போனாலும் போயிரும்" என்றார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். "வண்டி கெடக்கட்டும்லே. பிள்ளைத்தாச்சிய ஏத்து முதல்ல!"

ஏற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. பக்கத்துக் கதவு ஒல்லியான சிப்பாய்க்கு அளவெடுத்தது. அம்மாவின் வயிற்றுக்குப் பத்தவில்லை. கடைசியில் மரம் ஏற்றும் பலகைகளைச் சாய்த்துப் போட்டு, அவளை நாற்காலியோடு தூக்கி, உச்சியிலிருந்த ஓட்டை வழியாக மெல்ல உள்ளே இறக்கினார்கள். என் கையை அவள் விடாததால் நானும் இறங்கினேன். மருத்துவச்சியும் உள்ளே இறங்கி, ஓட்டைக்கு மேலே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

முன்தகட்டில் இருந்த கீற்றுப் போன்ற இடைவெளி வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டே அப்பா வண்டியைத் தண்ணீருக்குள் விட்டார். நடு ஆற்றில், வெள்ளம் அடித்துவந்த மரமொன்று பக்கவாட்டில் மோதி, கோயில் மணி மாதிரி வண்டி முழுக்க அதிர்ந்தது. காலடியில் தண்ணீர் கசிந்தது. ஆனாலும் அத்தனை கனம் அந்த வண்டிக்கு, அசைந்து கொடுக்கவில்லை.

"பயப்படாத. குண்டையே தாங்குனது" என்று அப்பா திரும்பினார்.

"பெருமையப் பொறவு பேசலாம். முன்னால பாத்து ஓட்டுங்க!" என்று வலிக்கு நடுவிலும் அம்மா கத்தினாள்.

நான்கு சக்கரமும் கரையின் கல்லைப் பற்றி ஏறியபோது நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். மதியத்துக்குள் தம்பி பிறந்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், அப்பா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நடுங்கத் தொடங்கினார். யுத்தத்தில்கூட இப்படிப் பயந்ததில்லை என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்.

அறுபதுகளின் நடுவில் அந்த வண்டியைச் செங்கோட்டையில் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டார்கள். மரக்கடை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். தாம்போதியும் போய், உயரமான பாலம் வந்துவிட்டது. தம்பி தினமும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட அதன்மேல் ஸ்கூட்டரில் போகிறான், கீழே ஓடும் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நின்று பாருடா என்று சொல்ல வாயெடுப்பேன். பார்க்காமலே கடந்து போகும்படி ஆகிவிட்டதும் நல்லதுதானே என்று விட்டுவிடுவேன்.